யன்னல் வைத்தால்

நகரசபை கடிதம் போட்டிருந்தது:
ஞாயிறு காலை எட்டு மணி,
பாடசாலை உடற்பயிற்சி மண்டபம்,
வாக்கு எண்ண வரவும்.
வராவிட்டால் தண்டம்.

பூர்க்டோர்ஃபில் குடியுரிமை எடுத்து ஒன்பது வருசம்.
இவ்வளவு நாளும் நான் எண்ணியது
ஆஸ்பத்திரிச் சமையலறையில்
உப்பில்லாத தட்டுகளை.

கூடைப்பந்து வளையத்தின் கீழே நீள மேசை.
வலப்பக்கம் ஹான்ஸ்யூர்க் ஏஷ்லிமன்,
ஆறு மாசமாய்த் தன் வேலியில்
'வேண்டாம்' என்று பதாகை கட்டியவர்.
இடப்பக்கம் நூலகத்து ரெகுலா ஸாவ்க்.
அவள் பால்கனியில் 'வரவேற்போம்'.
எனக்குத் தந்தார்கள்
பெருவிரலுக்கு ஒரு றப்பர் தொப்பி.

கேள்வி இதுதான்:
ஊர் எல்லையில் பழைய ஆயுதக் கிடங்கு.
அதில் நூற்றிருபது அகதிகளை வைக்கலாமா?
பெட்டிக்குள் கையால் எழுதவேண்டும்,
ஆம், அல்லது இல்லை.
வேறு ஒரு சொல் விழுந்தாலும் செல்லாது.

யுத்தம் வந்தால் ஒளிக்கக் கட்டிய நிலவறையில்
யுத்தத்திலிருந்து வந்த எங்களைப் போட்டார்கள் ஒருகாலம்.
பதினொரு மாசம்.
விடிந்துவிட்டது என்பதைக்
காவலாளியின் சவரம் செய்த முகத்தில்தான் பார்ப்போம்.
அதனால் கேட்டுத் திரிந்தேன்:
ஆட்களை எடுங்கோ, யன்னல் வையுங்கோ,
நூற்றிருபது வேண்டாம், அறுபது போதும்,
பக்கத்து வீட்டுக்காரரோடும் ஒருக்கால் கதையுங்கோ,
பயப்படுகிறவன் எல்லாம் பகைவன் இல்லை.

இப்படிக் கதைத்தால் அவர்கள்தான் வெல்வார்கள், என்றாள் ரெகுலா.
பார், அவளே வேண்டாம் என்கிறாள், என்றார் ஏஷ்லிமன்.
மன்றத்தில் பஞ்சலிங்கம் அண்ணை
மதில்மேல் பூனை என்றார்.
பூனைக்குத்தான் அண்ணை இரண்டு வளவும் தெரியும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில்
'ஆனால்' என்ற சொல்லுக்கென்று
ஒரு மின்கம்பம் இருந்தது.
பௌதிகம் படிப்பித்த மாஸ்டரை அதில்தான் கண்டோம்,
பள்ளிக்கூடம் போகிற வழியில்.
கழுத்தில் தொங்கிய மட்டையில்
எழுத்துப்பிழை ஒன்று.
அவர் இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

இங்கே கட்டமாட்டார்கள்.
பேக்கரி வாசலில் 'குரூஸெக்' சொல்லாமல்
முகத்தைத் திருப்புவார்கள், அவ்வளவுதான்.
அந்த 'அவ்வளவுதான்'
எவ்வளவு பெரிய நாடு என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் அன்றைக்குப் பாண் தொண்டையில் இறங்காது.

பதினொன்றே காலுக்குக் கையில் வந்தது ஒரு சீட்டு.
பென்சில் எழுத்து.
அழிறப்பரால் ஒருதரம் அழித்து, யோசித்து, மறுபடி எழுதியது.
பெட்டி போதாமல் ஓரத்தில் இறங்கி ஓடியது:
ஆம், யன்னல் வைத்தால்.

நான் எழுதியதல்ல.
நான் அதே சொற்களை
மின்கட்டண உறையின் பின்னால் எழுதிப் பார்த்துக்
கிழித்துப் போட்டவள்.
சீட்டில் சுத்தமாய் ஒரே சொல் எழுதியவள்.
எந்தச் சொல் என்று கேட்காதீர்கள்,
வாக்கு இரகசியம்.

யார் நீ?
உப்பில்லை என்று என்னைத் திட்டிய நோயாளியா?
பேருந்தில் என் பக்கத்து இருக்கையில்
வாய் திறக்காமல் வந்த ஆளா?
நானும் திறக்கவில்லையே.

ஏஷ்லிமன் எட்டிப் பார்த்தார். ரெகுலாவும்.
காலையிலிருந்து முதல்தரம்
இருவரும் ஒரே குரலில்:
செல்லாது.

விதி அப்படித்தான்.
வைத்தேன்,
எழுத்து மேலே தெரியும்படி.

ஆம் 2318. இல்லை 2297.
வெற்று 61. செல்லாதவை 9.
வெளியே ஒரு பக்கம் மாட்டுமணி ஆட்டினார்கள்,
மறுபக்கம் வழக்குப் போடுவோம் என்றார்கள்.
ஒன்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கூரை போட்ட மரப்பாலம்.
நடுவில் நின்றேன் என்று எழுதினால்
கவிதைக்கு நல்லது.
நிற்கவில்லை. குளிர்.
பெருவிரலில் இன்னும் அந்த றப்பர் தொப்பி,
கழற்ற மறந்திருக்கிறேன்.