திரை, ஒன்று

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
பொருள். எண்ணிக்கை. அன்றைய விலை.
நிறத்தை யாரும் கேட்கவில்லை.

மோன்டேவீடியோவில் அன்று மழை.
மாடி அறையில், மேசையின் இரு முனையில்
அப்பாவும் பெரியப்பா டெஷோவும்.
எனக்கு ஒன்பது வயது,
மை ஒற்றும் தாள் என் பொறுப்பு.

தையல் மெஷின், ஒன்று.
தலையணை ஆறு. இல்லை, எட்டு,
விருந்தாளிக்கென்று பரணில் இரண்டு இருந்ததே.
ஜாம் கிண்டுகிற நீளக் கரண்டி.
சைக்கிள், ஒன்று. பின் மட்கார்டு நெளிந்தது
(அதற்காக விலையைக் குறைத்தார் அப்பா,
ஜெர்மானியரிடமும் நியாயம் வேண்டுமாம்).
ஷரோல்டாவின் கட்டில், ஒன்று,
நீளம் ஒரு மீட்டர் இருபது.

அதுவரை சண்டையில்லை.

சமையலறை ஜன்னல் திரை என்றதும்
மஞ்சள் என்றார் பெரியப்பா.
நீலம் என்றார் அப்பா.
கம்பியை அடித்தவன் நான், இதோ
கட்டைவிரலில் ஆணி ஏறிய தழும்பு,
உனக்கு அப்போது மூக்குச் சிந்தத் தெரியாது ஆர்மின்,
மஞ்சள்!

பெரியப்பா கப்பலேறியது முப்பத்தெட்டில்.
அப்பா அந்த வீட்டில் இருந்தது இன்னும் ஆறு வருஷம்.
அந்த ஆறு வருஷம்தான்
மேசையின் நீளம்.

பணம் வந்தது. ஃபிரிட்ஜ் வாங்கினோம்.
ராத்திரி அது உறுமும்போதெல்லாம்
அப்பா எழுந்துபோய்க் கதவைத் திறந்து
வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்பார்.

சண்டை நிற்கவில்லை.
பஸ்கா விருந்தில், என் கல்யாணத்தில்,
கடைசியில் ஆஸ்பத்திரியில்,
ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு
மஞ்சள் என்றார் பெரியப்பா.
சரி, மஞ்சள் என்றார் அப்பா.

நடைக்கு வந்ததும் என்னிடம்:
நீலம்தான்.
அவன் போனபிறகு அம்மா மாற்றினாள்.
சேவல் இறகுத் தொப்பிக்காரர்கள்
பத்து நிமிஷம் தந்தார்கள்.
பிசைந்த மாவில் வெயில் படக்கூடாதென்று
அவள் திரையை இழுத்துவிட்டாள்,
மாவு காய்ந்துவிடுமாம்.
எனக்கு மறக்குமா.

வேறெதுவும் சொல்லவில்லை.
காப்பி மெஷினில் போடச் சில்லறை கேட்டார்.

இப்போது இருவரும் இல்லை.
போன மார்ச்சில் மிஷ்கோல்ட்ஸிலிருந்து
போர்பாலா என்று ஒருத்தி எழுதியிருந்தாள்:
டிராயரைச் சுத்தம் செய்தபோது கிடைத்த படம்,
என் தாத்தாவுக்குப் பின்னால் தெரிவது
உங்கள் வீடாக இருக்கலாம்.

கறுப்பு வெள்ளை.
பின்புறம் பென்சிலில் '44 ஆகஸ்ட்.
ஜன்னல் எங்களுடையதுதான்.
திரை, அவள் இழுத்துவிட்டபடியே.
நிறம், சாம்பல்.

முன்னால் ஓர் இளைஞன், வாயெல்லாம் சிரிப்பு,
சைக்கிள்மேல் ஒரு கை.
கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
பின் சக்கரத்தைப் பார்த்தேன்.
பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன்.

போர்பாலாவுக்கு நன்றி சொல்லி எழுதினேன்.
வீடு அதுதான் என்றேன்.
உங்கள் தாத்தா அழகன் என்றும் எழுதினேன்.
மட்கார்டைப் பற்றி
எழுதவில்லை.