பதினாறு மில்லிமீட்டர்

ஏழு கடைவீடுகளும் ஒரே சட்டத்துக்குள் வேண்டும் என்றார்
நகராண்மைக் கோப்புக்காக ஓங்.
ஜார்ஜ்டவுனில் அந்தத் தெருவின் அகலம் இருபது அடி.
பின்னால் போகப் போக
அரிசிக்கடை மூட்டை முதுகில் இடித்தது.
இன்னும் போனால் கல்லாவில் உட்கார வேண்டும்.

ஆகவே பதினாறு மில்லிமீட்டர்.
யசோதை எட்டிப் பார்த்த வாய் மாதிரி
எல்லாமே அதற்குள் இருக்கும்,
எதுவும் அதனதன் அளவில் இருக்காது.

மாடிநெற்றியின் சுதைப் பூக்களையும் சேர்க்க
காமிராவைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைத்தேன்.
எட்டுத் தூண்களும்
மேலே போய் ஏதோ குசுகுசுக்க
தலைகளைச் சேர்த்துக்கொண்டன.

அதில் எனக்குக் கவலையில்லை.
இரவு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
விசிறியை மூன்றில் வைத்து
திரையில் நான்கு கோடு இழுத்தேன்.
நாலாவது, கடைசித் தூணின் மேல்.
கூட்டம் கலைந்தது.
தேசிய கீதம் கேட்ட பிள்ளைகளைப் போல
விறைத்து நின்றன எல்லாம்.

வலது ஓரத்தில் மட்டும் ஒருவர்,
பையில் கட்டிய தே ஓவை உறிஞ்சியபடி
காக்கி லீமாவில், கடைசித் தூணில் சாய்ந்து.
மூட்டை இறக்கும் சேகு நெய்னா.
தூணை நிமிர்த்திய கணக்கு
அவர் தலையைப் பலாப்பழமாக இழுத்திருந்தது.

இந்தக் கண்ணாடியின் நியாயம் அப்படி.
கோடு நேரானால் தலை உருண்டையாக இராது,
தலை உருண்டையானால் கோடு வளையும்.
இரண்டும் வேண்டுமென்றால்
போய்த் தெருவை அகலப்படுத்தி வா என்கிறது.

கோப்புக்குத் தலை தேவையில்லை, வெட்டியிருப்பேன்.
மறுநாள் லென்ஸ் மூடியைத் தேடிப் போனபோது
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.
துடைத்து வைத்திருந்தார்.
"படத்துல நான் விழுந்திருக்கேனா?
தொண்டியில மகளுக்கு அனுப்பணும்."

பலாப்பழத்தைக் காட்ட மனம் வரவில்லை.
அவர் தலைக்காக இன்னொன்று செய்தேன்.
முகம் முகமாக உருண்டது,
காது காதளவுக்குத் திரும்பியது,
தூண்கள் வில்லாக வளைந்தன.
வளையட்டும்.

மூன்றாம் நாள்
கைப்பேசியில் மகளின் குரலைப் போட்டுக் காட்டினார்.
"அத்தா, இளைச்சிட்டீங்க.
அந்தத் தூணு விழப்போற மாதிரி இருக்கு.
அங்கிட்டு உக்காராதீங்க."

சிரித்தார். நானும் சிரித்து
லென்ஸைப் பற்றி விளக்கத் தொடங்கி
பாதியில் நின்றேன்.
படத்தை விரல்களால் பெரிதாக்கினேன்.
ஏழு தூண்கள் வளைந்திருந்தன.
எட்டாவது வளைந்ததோடு நிற்கவில்லை.

லோரிக் கயிற்றிலிருந்து பிரித்த நூல்,
முனையில் ஒரு நட்டு.
நூலைத் தூணின் தலையில் வைத்துப் பிடிக்க
நெய்னா மூட்டைகள்மேல் ஏறினார்.
நட்டு ஆடியது. சுற்றியது.
நெடுநேரம் யோசித்து நின்றது,
தூணடியிலிருந்து வலப்பக்கம்
நான்கு விரல் தள்ளி.

வலப்பக்கத்து மனையில்
சாப்பாட்டு நேரம் முடிந்து
பைலிங் இயந்திரம் மறுபடி தொடங்கியது.
நட்டு நடுங்கியது.

முட்டுக் கொடுக்காமல், கொத்தனார் இல்லாமல்
ஒரே நொடியில் இதைத்தான் நிமிர்த்தியிருந்தேன்.
"அருமை" என்று ஓங் பதிலும் போட்டாயிற்று.

அதே இடம், அதே மூட்டை முதுகில்.
மறுபடி எடுத்தேன்.
நாலாவது கோட்டை இந்தமுறை
தொங்கும் நூலின்மேல் வைத்தேன்.
கடைசித் தூண் சாய்ந்தது.
பக்கத்தில்
பலாப்பழத் தலையோடு ஒருவர்
நேரான நூலைப் பிடித்திருக்கிறார்.
அவரை வெட்டவில்லை.

இன்று காலை ஓங் எழுதியிருக்கிறார்,
கடைசித் தூணைக் கொஞ்சம் நிமிர்த்தித் தர முடியுமா,
அந்த ஆளையும் எடுத்துவிட்டு.

இன்னும் பதில் எழுதவில்லை.
நெய்னா இப்போது
மூன்றாம் வீட்டு வாசலில் தே ஓ குடிக்கிறார்,
எதிலும் சாயாமல்.