ஓடின தூரம்

மீட்டர் எண்பத்தோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் நின்று
மூன்று வருஷம் ஆகிறது.
லட்சத்துக்கு ஒரு தடவை டைமிங் பெல்ட் மாற்றச் சொல்கிறது
வண்டியோடு வந்த புஸ்தகம்.
"இன்னும் லட்சம் தொடலையே" என்கிறார் இவர்
செத்த எண்ணைக் காட்டி,
முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

டீசல் நோட்டை எடுத்தேன்.
துறைமுகத்திலிருந்து பாண்டி மார்க்கெட்,
போக வர ஐம்பத்து நான்கு.
தடைக்காலம் அறுபத்தொரு நாள் கழி.
கூண்டு ஏற்றிய நாளெல்லாம் கழி.
தம்பி கல்யாணத்துக்கு விருத்தாசலம் போனது கூட்டு.
எனக்குச் சொல்லாமல் பண்ருட்டியில் பலாப்பழ லோடு அடித்தது
அதையும் கூட்டினேன்.
அவர் தலை நிமிரவில்லை.
ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம்.

"அறுந்தா?"
"வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும்."
"எவ்ளோ ஆகும்?"
சொன்னது என் இரண்டு சீட்டுப் பணம்.
ஒர்க்ஷாப்பில் கூலி மட்டும் ஒன்பதாயிரம் கேட்டார்கள்.

அதனால் ஞாயிறு ராத்திரி
சிங்காரத்தோப்புச் சந்தை அடைத்துக்கொண்டு
வாய் திறந்து நிற்கிறது பிக்கப்.
ஐஸ் உருகின மீன் தண்ணீர் இன்னும் சொட்டுகிறது பின்னால்.
மூன்று மணிக்கு லோடு.

ஃபேன் கழன்றது. கவர் கழன்றது.
கிராங்க் போல்ட் மட்டும் அசையேன் என்றது.
படகு என்ஜின் பார்க்கும் அந்தோணிசாமியிடம் இரவல் வாங்கின சாக்கெட்,
அதன் பிடியில் அடிபம்புக் குழாயைச் சொருகி
"ஏறி பிரேக்கை மிதி" என்றார்.

எட்டு வருஷத்தில் முதல் தடவை
டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.
அவர் அளவுக்குப் பள்ளம் விழுந்த சீட்.
எனக்குக் கால் எட்டவில்லை,
முன்னால் சரிந்து இரண்டு காலாலும் மிதித்தேன்.
கண்ணாடி வழியே எங்கள் வீடு
வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.
கீழே ஒரு கெட்ட வார்த்தை.
அப்புறம் டப்பென்று ஒரு சத்தம்.
போல்ட்டா முட்டியா என்று எட்டிப் பார்த்தேன்.
போல்ட்.

குறி வைக்க என் நகப் பாலிஷ்.
மேல் சக்கரத்தில் ஒரு சிவப்பு, கீழ்ச் சக்கரத்தில் ஒரு சிவப்பு.
பழைய பெல்ட் கறுப்பாக, நல்லபடியாகத்தான் இருந்தது.
பின்பக்கம் வளைத்தால்தான் தெரிந்தது,
ஒவ்வொரு பல்லுக்கடியிலும் தலைமுடிபோல் விரிசல்.
"பல்லுப் போனா சொல்லுப் போச்சு" என்றேன்.
பதில் இல்லை.
வாயில் டார்ச்சைக் கவ்வியிருந்தார்.

புதுசை மாட்டி
கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்.
அவர் கீழே சுற்ற, நான் மேலே பார்க்க.
கீழே புள்ளி சரியாக வந்துவிட்டதாம்.
மேலே என் சிவப்பு
ஒரு பல் தள்ளி நின்றது.

"சரியா?"

மணி பன்னிரண்டே முக்கால்.
கொசு காதில் பாடுகிறது.
சரி என்று சொல்ல நாக்கு ஒருதரம் போய்த் திரும்பியது.
ஒரு பல். ஓர் அரிசி அகலம்.

"இல்ல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டிக்கடியிலேயே கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தார்.
எனக்குத் தெரிந்தது செருப்பு மட்டும்.
பிறகு டென்ஷனரைத் தளர்த்தும் சத்தம் வந்தது.

மறுபடி மாட்டினதில் சேர்ந்தது.
நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றச் சொன்னேன்.
சுற்றினார்.

சாவி போட்டபோது இரண்டு இருபது.
ஒரு கனைப்பு, கொஞ்சம் புகை,
அப்புறம் ஓட ஆரம்பித்தது.
பானெட் பக்கம் காதைச் சாய்த்தார்.
"சத்தம் வேற மாதிரி இருக்கு."
"நல்ல வேறயா, கெட்ட வேறயா?"
"தெரியல."

தட்டில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட் மிச்சம்.
நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நோட்டில் புதுப் பக்கம்.
தேதி. பெல்ட். எதிரே பூஜ்யம்.
ஐம்பத்து நான்கு என்று எழுத
காலை எட்டு மணி ஆகும்.

தூக்கம் வரவில்லை.
நகத்துக்காவது போடலாமென்று பாட்டிலைத் திறந்தால்
பிரஷ் முழுக்கக் கிரீஸ்.