எட்டுக்குக் கீழே

காற்று வினாடிக்கு எட்டு மீற்றருக்குக் கீழே
இறங்கினால்தான் தூக்கலாம் என்றிருந்தது கடிதத்தில்.
மானி பதினொன்று காட்டியது.
பத்து. பதினொன்று. பன்னிரண்டரை.
இரவு பத்தேகால் மணி.

கப்பலின் முதுகில் மூன்று இறக்கைகள்,
வடக்கே எங்கேயோ நடப்போகும் காற்றாலைக்கு.
ஒன்றின் நீளம் அறுபத்திரண்டு மீற்றர்.
எங்கள் தோட்டத்தில் கிடத்தினால்
குழாயடியில் தொடங்கிப்
பதினாலாம் வீட்டுக் கதவை இடிக்கும்.
காற்றுக்கென்றே வார்த்த சாமான்
காற்று நிற்கட்டும் என்று காத்துக் கிடந்தது.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்,
பக்கத்தில் காப்புறுதிக்காரர்.

நான் டெலி கிளார்க். எண்ணுவது என் வேலை.
தலைக்கவசத்தில் ஒட்டிய பெயரில்
மலர் உரிந்துபோய் யோக மட்டும் மிச்சம்.

அடுத்த முனையத்தில்
பெட்டி, பெட்டி, பெட்டி என்று
ஒரே சொல்லை விடிய விடிய ஓதுவார்கள்.
எங்கள் துறைக்கு எதுவும் வரும்.
நேற்று இரும்புச் சுருள், ஒன்று இருபத்தொரு தொன்,
ஆப்பு வைக்க மறந்தால் ஆளைத் தேடி உருளும்.
முந்தநாள் கிளிங்கர்;
இன்றைக்கும் மூக்குச் சிந்தினால் சாம்பல்.
அதற்கு முதல் கார்கள், ஆசனத்துப் பொலித்தீனோடு.
ஓட்டி இறக்கிய ரொஷாந்துக்கு
ஒவ்வொன்றிலும் இருநூறு மீற்றர் சவாரி.
பிறகு 155ஆம் நம்பர் பஸ்ஸில், நின்றபடி, வீட்டுக்கு.
ஒருமுறை கோயில் மணி வந்தது, வைக்கோலில் பொதிந்து.
மணி: ஒன்று, என்று எழுதிவிட்டு
யாரும் பார்க்காதபோது விரலால் சுண்டினேன்.
ஏன் என்று தெரியாது.

பன்னிரண்டுக்குக் கச்சான் சுருள் பிரித்தோம்.
கச்சான் வீசியது, கச்சான் கொறித்தோம்,
கோதுகளைக் காற்றே கொண்டுபோனது.
இரண்டு கிரேன்களும் சும்மா நின்றன,
மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று வாடகை ஏறியபடி.
காப்புறுதிக்காரர் கொட்டாவி விட்டார்.
கப்பலின் இரண்டாம் அதிகாரி
தண்டவாளம் பிடித்து நின்று, யாரோடோ போனில்,
எனக்குப் புரியாத மொழியில் கெஞ்சினான்.

மூன்று நாற்பதுக்கு
மானி ஏழு புள்ளி ஆறு.
யாரும் பேசவில்லை. பேசினால் ஏறிவிடும் போல.

ஒரு கிரேனில் நிஸ்தார், மற்றதில் சுனந்த.
நடுவில், வோக்கியை வாயோடு ஒட்டிக்கொண்டு, பெனடிக்ற்.
ஒருவனுக்கு மெள்ள,
மற்றவனுக்கு ஹெமின்,
மெள்ள, ஹெமின், மெள்ள, ஹெமின்.
இரண்டு வார்கள் ஒன்றாய் இறுகின.
இறக்கை எழும்பியது,
இவ்வளவு பெரிசுக்குச் சத்தமே இல்லாமல்.
மின்கம்பத்தின் வெளிச்சத்தைக் கடக்கையில்
அதன் நிழல் என் தாளின் மேலால் போய் முடியக்
கொஞ்ச நேரம் எடுத்தது.
அந்த நேரம் முழுக்க எனக்கு எழுதத் தெரியாது.

லொறியின் தொட்டிலில் படுத்ததும்
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
வேர்ப்பக்கம் ஒரு சாண் கீறல்,
ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.
'இறக்கமுன்பே இருந்தது' என்று எழுதினேன்.
இல்லை என்றான் இரண்டாம் அதிகாரி.
உப்பைக் காட்டினேன்.
கையெழுத்து வைத்தான், தாள் கிழிகிற மாதிரி.

நாலு இருபதுக்குக் காற்று திரும்பிவிட்டது.
மற்ற இரண்டும் கப்பலிலேயே.

வாசலில் அடுத்த முனையத்துப் பொடியன் கேட்டான்:
எத்தனை, அக்கா? எங்களுக்கு இருநூற்றுப் பதினாலு.
ஒன்று, என்றேன்.
பகிடி என்று நினைத்தான்.

வீட்டுக் கொடியில் உடுப்பெல்லாம்
மொறுமொறுவென்று காய்ந்திருந்தது,
இரவு முழுக்க நாங்கள் வேண்டாமென்ற காற்றில்.
போட்டது பதினொன்று.
இருந்தது பத்து.
தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டிலும் கேட்டேன்.