தூக்கத்திலா, விழிப்பிலா

ஜி நாற்பத்தேழு புள்ளி ஆறு மூன்று:
தூக்கத்தில் பல் கடிப்பவர்.
எஃப் நாற்பத்தைந்து புள்ளி எட்டு:
மனசு மெல்வதைப் பல்லால் மெல்பவர்.
டாக்டர் எழுதியிருப்பதோ ஒரே சொல், கடிக்கிறார்.
எப்போது என்று இல்லை.

இரவு இரண்டே கால்.
மன்னார்குடியில் ஒரு மாடி அறை.
ஓஹையோவில் யாரோ
ஐம்பத்தோரு வயதுப் பெண்ணின் தாடை
என் திரையில் திறந்து கிடக்கிறது.
ஊகித்துக் கோடு போடக் கூடாது.
எழுதாதது நடக்கவில்லை என்பது
எங்கள் வேலையின் முதல் பாடம்.
கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.

பின்னால், பாயில்,
சரளைமேல் டிராக்டர் திரும்புகிற சத்தம்.
வைரக்கண்ணு, என் வீட்டுக்காரர்.
பதினோரு நாள் கொள்முதல் நிலைய வாசலில்
நெல்லோடு நெல்லாய்க் கிடந்து
நேற்றுதான் வந்தார்.
ஈரப்பதம் பத்தொன்பது,
பதினேழு என்றால் எடுப்பார்களாம்.
காயவைத்தார், மழை.
காயவைத்தார், பனி.
கருவியைச் செருகிப் பார்த்த பையனை
ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.
இப்போது பேசுகிறார்
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில்.

பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த சம்பாவைத் தாண்டிட்டா
என்று சொல்லாத வீடு
எங்கள் வாய்க்கால் நெடுகிலும் இல்லை.
அதற்குக் கோடு தேடினேன் ஒருநாள்.
கிடைக்கவில்லை.

கூத்தாநல்லூருக்கு அழைத்துப்போனேன்.
பல் டாக்டர் மெஹராஜ் பேகம்
அவர் வாயைப் பார்த்தார்,
ஒரு உறை செய்யலாம் என்றார்.
நான் கொட்டாவி விட்டேன்.
நீங்க உட்காருங்க என்றார்.

என் கடைவாய்ப் பற்கள்
பரம்படித்த வயல்போல் மட்டமாம்.
தூங்கும்போதா, முழிச்சிருக்கும்போதா?
நான் வேலை செய்யும் இரவெல்லாம் அவர் தூங்குகிறார்.
நான் தூங்கும் பகலெல்லாம் அவர் வயலில்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்,
பரீட்சையில் விடை தெரியாத பிள்ளைகள் மாதிரி.
சீட்டில் எழுதினார்: பல் தேய்மானம்.
என் மேசைக்கு வந்திருந்தால்
திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்றிரவு ஓஹையோவிலிருந்து பதில்.
நோயாளி தனியாக வசிக்கிறார்.
சத்தத்தைக் கேட்டவர் யாருமில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பேகம் சொன்னபடி
நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு
அடுத்த கோப்பைத் திறந்தேன்.