எண்பத்தேழாவது ஞாயிறு

பாய லேபாரில் வகுப்பு. செவ்வாய், வியாழன்,
இரவு ஏழிலிருந்து பத்து.
ஏர்கான் குளிருக்குச் சட்டைமேல் சட்டை மாட்டிக்கொண்டு
கடைக்கு வருகிறவர்களை
வட்டங்களாக வரையக் கற்றேன்.

வட்டம் உள்ளே வரும். வரிசையில் நிற்கும்.
கல்லுக்கு முன்னால் காத்திருக்கும்.
வாங்கிக்கொண்டு நகர்ந்து
திரையின் வலது ஓரத்தில் இல்லாமல் போகும்.
பக்கத்து நாற்காலி ஹுய் மின்னுக்கு மருந்தகம்.
ரோஸ்லானுக்குத் துவாஸில் கொள்கலன் லாரிகள்.
எனக்குப் பரோட்டா.

மூன்று ஞாயிறு ஸ்டாப்வாட்சோடு நின்றேன்,
சுவா சூ காங்கில், எங்கள் கடைக்கே வேவுக்காரியாய்.
முட்டை பரோட்டா: எழுபத்தொரு நொடி.
வெங்காயம் சேர்ந்தால் தொண்ணூறு.
"அக்கா, என்னையா அளக்கிறீங்க?" என்றார் காதர் மீரான்.
"மாவை" என்றேன்.
பொய்.

இன்னொரு கல் போட வேண்டும் என்பது அண்ணன் கட்சி.
இளம்பரிதியின் கணக்கு விரல்களிலேயே முடிந்துவிடும்:
ஒரு கல்லுக்கு இவ்வளவென்றால் இரண்டு கல்லுக்கு இரட்டிப்பு.
சராசரியாக நிமிடத்துக்கு ஒருவர் வருகிறாராம்.
எந்த நிமிடத்திலும் ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை.
பதினொரு நிமிடம் ஈ.
பிறகு தேவாலயம் விட்டு மூன்று குடும்பம்,
ஒரு தள்ளுவண்டிக் குழந்தை,
காற்பந்து ஆடிவிட்டு ஒன்பது பையன்கள்.

மடிக்கணினியில் இருநூறு ஞாயிறுகளை ஓடவிட்டேன்.
அரிசி களைந்து வைப்பதற்குள் முடிந்துவிட்டன
ஏறக்குறைய நான்கு ஆண்டு ஞாயிறுகள்,
ஒருவர் கையிலும் மாவு ஒட்டாமல்.

எண்பத்தேழாவது மட்டும் முறிந்தது.
ஒன்பதரைக்கு வரிசை மின்தூக்கி வரை.
நாற்பத்தொரு வட்டங்கள்
நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

விதை எண் என்று ஒன்று உண்டு.
அதே எண்ணை இட்டால் அதே காலை மறுபடி முளைக்கும்,
அதே ஆள், அதே நொடி, அதே இரண்டு கோசோங்.
ஆறு முறை முளைக்க வைத்தேன்.
குற்றவாளியைத் தேடினேன்.
மழை இல்லை. கேஸ் தீரவில்லை. யாரும் தாமதமில்லை.
சிலர் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டார்கள்,
அவ்வளவுதான்.

எத்தனை ஞாயிறு கத்தியிருக்கிறோம் காதரிடம்,
காரணம் என்று ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பதுபோல.

அறிக்கையின் அடியில் ஒரு வரி:
பயன்பாடு, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
கல்லும் காதரும் என் மாதிரியில் ஒரே பெட்டி.
அந்தப் பெட்டிக்கு நான் தாகம் வைக்கவில்லை.
ஊரிலிருந்து வரும் போன் வைக்கவில்லை.
வலது தோளை வைக்கவில்லை.
பெட்டியைப் பிரித்து,
இரண்டு முறை பத்து நிமிடம் கொடுத்தேன்.
முறிந்த ஞாயிறுகள் முப்பத்தொன்று.

இரண்டாவது கல்லை வைத்துப் பார்த்தேன்.
முப்பது.
கை ஒரே ஜோடி. கல் சும்மா காய்ந்தது.

பிறகுதான் கண்ணில் பட்டது
பத்து வெள்ளி நோட்டுக்குச் சில்லறை தர
அவர் கை துடைக்கிற பதினான்கு நொடி.
அதை வேறொருவரிடம் கொடுத்தேன், காலை நான்கு மணி நேரம் மட்டும்.
மூன்று.

ஒரு முழு ஆளுக்கு லெவி கட்ட வேண்டாம்,
புதுக் கல்லும் வேண்டாம் என்று
திரையை அண்ணன் பக்கம் திருப்பினேன்.
வட்டங்கள் போவதை வெகுநேரம் பார்த்தார்.
"இதுல நான் எங்கே?"
"நீ பதினொன்றரைக்குத்தானே வர்றே.
மாதிரி பதினொன்றுக்கு முடிஞ்சிடும்."

ஒன்றும் சொல்லவில்லை. தே ஓ பாதியில் இருந்தது,
அப்படியே விட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு ஏழரைக்கு
சலவைச் சட்டையோடு கல்லாவில் நின்றார்,
என் இருநூறு ஞாயிறுகளில் ஒன்றிலும் நடக்காத ஒன்று.
காதர் என்னைப் பார்த்தார், நான் மாவைப் பார்த்தேன்.

பத்து மணிக்குள் மூன்று பேருக்குத்
தப்பாகச் சில்லறை கொடுத்தார்.
நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.
அதற்கும் ஒரு பரவல் இருக்கும்.