பின்னட்டைப் பை

ஒஹாயோ ஆற்றின் வடகரை,
நீதிமன்றத்தின் மூன்றாம் தளம்.
சுழல்படி ஏறினால் செத்த சட்டங்கள்.
யாரும் கேட்பதில்லை; தூக்கியெறியவும் விதியில்லை.
தப்பியோடிய அடிமையைப்
பிடித்துக் கொடுக்கச் சொன்னது
கன்றுத்தோல் அட்டையில் இன்னும் பளபளக்கிறது.

இரும்புப் படிக்கு முன்பு ஏணி இருந்ததாம்.
அப்போது வக்கீல்களுக்கு மட்டும்,
சந்தா ஆண்டுக்கு ஐந்து டாலர்.
ஏணி வாங்கிய ரசீதுகூட இருக்கிறது.
கதவு எல்லோருக்கும் திறந்த தேதியை
ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

இன்று காலை டெல்ஃபியா டக்கெட்,
கோழி ஆலையின் ரப்பர் காலணியோடு.
வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸ்
கையில் நான்காய் மடிந்திருந்தது.
"எனக்கு எத்தனை நாள்?"

நூலகர் ரெய்னெக் சொல்லவில்லை.
சொல்லக்கூடாது.
புத்தகத்தை விரித்து
வரிமேல் விரலை மட்டும் வைத்தார்.
மூன்று, என்றது வரி.

பிறகு பின்னட்டைப் பையிலிருந்து
மெல்லிய திருத்தத்தாளை உருவினார்.
மனம் மாறியதைச்
சட்டம்
சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறது.
பத்து, என்றது தாள்.

அவள் இரண்டுமுறை வாசித்தாள்,
உதடு அசைய.

நகல் பக்கத்துக்குப் பத்து சென்ட்.
அவளிடம் சில்லறை இல்லை.
மேலும் கீழும் பார்த்துவிட்டு
ரெய்னெக் தன் பையைத் துழாவினார்.